மூன்று நாள் பயணம்

இலங்கையில் ஓப்பநாயக்க பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீட்டின் தகரக் கூரை மேல் மாலை மழை இரைகிறது. நிரோஷா கணவனின் சட்டைகளைக் கசங்காமல் சுருட்டி, விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சின்னப் பெட்டிக்குள் அடுக்குகிறாள். தேயிலைக் கம்பனி வேலையாக மூன்று நாள் துபாய்க்குப் போவதாக யோகராஜ் சொல்லியிருக்கிறான். ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது என்று சப்பாத்துக்குள்ளேயே காலுறைகளைத் திணிக்கிறாள். அவன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டுகிறான். அதில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.

“துபாய்ல வெயில் கொளுத்துதுன்னீங்களே. இது எதுக்குங்க?”

அவன் தரையைப் பார்க்கிறான். “ஏஜென்சிக்காரன் அங்கயிருந்து குளிர் நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறானாம். இனி எப்ப வருவேன்னு தெரியாது. அம்மாகிட்ட சொல்லிடாத.”

அவள் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பிறகு இரண்டு சட்டைகளை வெளியே எடுத்து வைத்து, அந்த இடத்தில் கம்பளியை அழுத்துகிறாள். மூடி பொருந்தவில்லை. முழங்காலை ஊன்றி சிப்பை இழுக்கிறாள். கொழுந்தெடுத்துவிட்டு நனைந்து வந்த மாமியார் பஞ்சவர்ணம் வாசலில் தலைத்துண்டைப் பிழிந்தபடி கேட்கிறாள்.

“வெள்ளிக்கிழமை வந்துருவான்ல, புள்ள?”

“வந்துருவாருங்க மாமி” என்கிறாள் நிரோஷா, பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.