பெயருக்கு விழுந்த ஓட்டு

"நீ வாயையே திறக்க வேண்டாம், சைலஸ். வெல்டன்னு பேரைச் சொன்னாலே ஓட்டு விழும்," என்றார் நீதிபதி கோல்பர்ன்.

அது முகஸ்துதி இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் வெல்டன் என்ற பெயருக்கு அப்படி ஒரு மதிப்பு. சைலஸின் தாத்தா, பிரிட்டிஷ்காரர்கள் கப்பலேறிப் போன பிறகு கூடிய முதல் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர். அப்பா இரண்டு முறை ஆளுநர். வேலை செய்துகொண்டிருந்த மேசை மேலேயே சாய்ந்து உயிரை விட்டவர். அண்ணன் நாதன் வாஷிங்டனில் நாட்டின் சட்டசபையான காங்கிரஸுக்குப் போனான். பத்திரிகையில் எவனோ குடும்பப் பெயரை இழுத்து எழுத, அதற்காகத் துப்பாக்கிச் சண்டைக்குப் போய், வாஷிங்டன் பக்கத்தில் ஒரு புல்வெளியில் விழுந்து செத்தான்.

மிஞ்சியது சைலஸ். ஊருக்கு ஒரே மருத்துவன். நோயாளியிடம் நன்றாகப் பேசுவான். நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மறுத்துவிடத்தான் நினைத்தான். ஆனால் கோல்பர்ன் அவனை விட்டுவிட்டு, கணப்பருகே பின்னல் வேலையில் இருந்த அவன் தாய் லுக்ரீஷியாவிடம் திரும்பினார். மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டின் சட்டமன்றத்தில் வெல்டன் வீட்டு ஆள் இல்லாமல் இருப்பது அழகா என்று கேட்டார்.

"அவன் இஷ்டம். வெல்டன் வீட்டு ஆம்பளைங்களை யாரும் தடுத்து நிறுத்தி நான் பார்த்ததில்லை," என்றாள் அவள், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சைலஸ் தாயின் முகத்தையே பார்த்தான். பிறகு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

அறைக்கதவைச் சாத்தியதும் அவன் மனைவி பெர்சிஸ் பிடித்துக்கொண்டாள். "இந்தக் குடும்பத்துலயே மேடையில பேசத் தெரியாத ஒருத்தரைக் கட்டிக்கிட்டோம், தப்பிச்சோம்னு நிம்மதியா இருந்தேன். எனக்கே வேட்டு வெச்சிட்டீங்களே."

"அம்மாவுக்கு வேற யாரு இருக்கா, பெர்சிஸ்? தாத்தா, அப்பா, அண்ணன் எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தான். மாட்டேன்னு அவங்க முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

இருவரும் எதிராளியைத்தான் நம்பினார்கள். தோல் பதனிடும் ஃபென்டனுக்குக் குரல் பெரிது; தெருவுக்கு நாலு சொந்தக்காரர்கள். சைலஸும் தன்னால் ஆனதைச் செய்தான். கூட்டங்களில் பாதிப் பேச்சிலேயே நின்றுவிட்டு, நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனான்.

அப்போதுதான் லுக்ரீஷியா வண்டியைப் பூட்டச் சொன்னாள்.

நாதன் போனதிலிருந்து தேவாலயம் தவிர எங்கும் போகாதவள், கறுப்புத் தொப்பியைக் கட்டிக்கொண்டு தினமும் கிளம்பினாள். பண்ணை வீடு, ஆலைத் தொழிலாளி வீடு என்று ஒன்று விடவில்லை. ஆளுநரின் விதவை தங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்ததை ஊரே அதிசயமாகப் பேசியது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினாளாம். சில வீடுகளில் பெண்கள் அழுதார்களாம்.

கொல்லன் டன்ஹம் காயத்துக்குக் கட்டுப் போட வந்தபோது, "உங்க அம்மா வந்திருந்தாங்க டாக்டர். அவங்க கேட்டு மாட்டேன்னு சொல்ல முடியுமா? நானும் என் தம்பிங்களும் அவங்க சொன்னபடிதான் போடப்போறோம்," என்றான்.

சைலஸ் போட்ட கட்டு இரண்டு முறை அவிழ்ந்தது. அன்றே பெர்சிஸ், ஹார்ட்ஃபோர்டில் மாடி அறை என்ன வாடகை இருக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தேர்தல் நாளில் ஊர்க்கூடம் நிரம்பி வழிந்தது. சைலஸ் தன் சீட்டில் ஃபென்டனின் பெயரை எழுதி, நாலாக மடித்துப் பெட்டியில் போட்டான். எண்ணி முடித்தபோது ஃபென்டன் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான். பரம்பரையாக வெல்டனுக்கே போட்டவர்கள்கூட இப்படிக் கை கழுவிவிட்டார்களே என்று கோல்பர்ன் புலம்பினார். சைலஸ் கூடத்துக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

தாயின் நினைவு வந்ததும் சிரிப்பு நின்றது.

வீட்டு வேலியருகே காத்திருந்த பெர்சிஸிடம், ஜெயிக்கவில்லை என்று தலையை ஆட்டினான். அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்து, "கடவுளே, கடவுளே," என்றாள். பிறகு இருவரும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"தோத்துட்டேன்மா," என்றான் சைலஸ்.

லுக்ரீஷியா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அவன் மண்டியிட்டான். "மன்னிச்சிடுங்கம்மா. வீட்டுப் பேரையே கெடுத்துட்டேன்."

பெர்சிஸுக்குப் பொறுக்கவில்லை. "திட்டறதா இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டுங்க, அத்தை. அவருக்கு நிக்கவே இஷ்டமில்லை. உங்களுக்காகத்தான் நின்னாரு. அவரோட ஓட்டையே ஃபென்டனுக்குத்தான் போட்டாரு."

லுக்ரீஷியா கையை எடுத்தாள். கன்னமெல்லாம் ஈரம். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாடா? நாதனை அரசியலுக்குப் போகாதேன்னு தடுத்தேன், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். அதான் உங்கிட்ட வாயே திறக்கலை," என்றபடி மகனின் தலையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஒரு வீடு விடாம ஏறி இறங்கி, 'இந்த ஒரு பிள்ளையாவது எனக்கு மிஞ்சட்டும், தயவு பண்ணி அவனைத் தோக்கடிச்சிடுங்க'ன்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன்."