சுமங்கலி பேட்டரி

எங்கள் காலனியில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித்தான் பழைய பெட்ரோல் கார்களை மின்சாரத்துக்கு மாற்றிவந்தோம். வீட்டில் எத்தனை பேரோ காரில் அத்தனை பேட்டரி என்பது சங்கத்தின் விதி. என் மனைவி மஞ்சரியின் காரியம் முடிந்த மறுநாளே செயலாளர் நாகலிங்கம் ஸ்பானரோடு வந்தார்.

"அவங்க பேட்டரியக் கழட்டிக்கிறோம் தம்பி. சுமங்கலியாப் போனவங்களோடது, ராசி. புதுசா கல்யாணமானவங்க போட்டி போடுறாங்க."

"என் பொண்ணு, கைக்குழந்தை, வந்தவாசியில என் மாமியார் வீட்டுல இருக்கா சார். ஒரு பேட்டரியில போகத்தான் முடியும். அங்க சார்ஜ் கிடையாது, திரும்ப முடியாது."

"கைக்குழந்தைக்கெல்லாம் பேட்டரி கிடையாதுப்பா. ஓட்டப் பழகட்டும், தர்றோம்."

கழற்றிய பேட்டரிக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டுக் கும்பிட்டுத் தூக்கிப் போனார்கள். மஞ்சரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் என் துணிகளை எல்லாம் வண்டியில் ஏற்றினேன்.

"ஞாயித்துக்கிழமை கார் மாத்துற வேலைக்கு வந்துடுவீங்கல்ல தம்பி?" என்று கையசைத்தார் நாகலிங்கம்.