வேகும் நேரம்

ஐந்து மாதக் கர்ப்பிணியான எஸ்தருக்கு மாட்டுக்கறி வறுவல் மேல் அடங்காத ஆசை. அவள் அம்மா செத்துப் போன வருடத்திலிருந்து அதைச் சாப்பிட்டதில்லை. புகுந்த வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மாமியார் கோமளவல்லி தொழுவத்துப் பசுவுக்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

கணவன் இளம்பரிதியிடம் மெல்லச் சொன்னாள். "இப்பல்லாம் மாட்டுக்குக் கண்ட ஊசியும் போடுறாங்களாம், வயித்துல புள்ள இருக்கே," என்று அவன் தயங்கினான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் வாங்கி வந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

கறி கொதிக்கும்போதே கோமளவல்லி திரும்பிவிட்டார். சமையலறை வாசலைத் தாண்டாமல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எஸ்தர் சட்டென்று பாத்திரத்தை மூடினாள்.

"எங்க வாங்கினான்?"

"மாட்டு டாக்டர் பாத்து முத்திரை குத்துன கறிதான் அத்தை."

கோமளவல்லி வாசலிலிருந்தே அடுப்பை எட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லா வேகட்டும். அரைவேக்காடு புள்ளைக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டு, மறுபடி தலைக்குக் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

எஸ்தர் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி அடுப்பின் முன்னால் நின்று அழுதாள்.