பரிசீலனையில் ஒரு கல்யாணம்

"எங்க அண்ணனுக்கும் அண்ணிக்கும் தனி வீடு வேணும், சார்."

கேட்டேவிட்டாள்.

இலங்கை அகதி முகாம் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புது வீடுகளுக்குச் சாவி கொடுக்க வந்திருந்த வருவாய்த்துறை ஆர்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற முகாம் தலைவர் கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

தலைவர் சொன்னது: "இவ்வளவு காலத்துக்குப் பிறகு அரசாங்கம் கல்வீடு கட்டித் தருது. தாறதை வாங்கிக்கொண்டு கும்பிட்டுட்டு வா."

அம்மா சொன்னது: "வேற எதை வேணுமெண்டாலும் கேள். அதை மட்டும் வாய் திறந்து கேட்டுப்போடாத பிள்ளை. ஆக்கள் சிரிப்பினம்."

ஆர்.ஐ. பேனாவை மூடினார். நல்ல மனிதர்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"குடும்ப அட்டைக்கு ஒரு வீடும்மா. உங்க அட்டையில நாலு பேரு. எல்லாருக்கும் அப்படித்தான?"

"அண்ணன் தனி அட்டைக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருசம் ஆச்சு, சார்."

"அது பரிசீலனையில இருக்கு."

"கல்யாணமுமா, சார்?"

வெளியே வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

பழைய வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. குறுக்கே அம்மாவின் சேலை. சேலைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். இந்தப் பக்கம் அவளும், இருமலை அடக்கிக்கொண்டு அம்மாவும்.

சாப்பிட்டதும் அம்மா பாயைச் சுருட்டுவாள். "உள்ள ஒரே புழுக்கம்" என்று பால்வாடி வராந்தாவுக்குக் கிளம்புவாள். மார்கழியிலும் அவளுக்குப் புழுங்கும்.

"ஐயோ மாமி, பனி கொட்டுது. உள்ள படுங்கோ" என்று அண்ணி கையைப் பிடித்து இழுப்பாள்.

பிறகு நாலு பேரும் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

புது வீட்டிலும் ஒரே அறைதான். சேலையை எந்த ஆணியில் கட்டலாம் என்று அம்மா இப்போதே பார்த்துவைத்திருக்கிறாள்.

அந்த ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் இங்கே வந்தாள்.

"படிச்ச புள்ள, நீயே அவசரப்பட்டா எப்படி?" என்றார் ஆர்.ஐ. "அவங்களுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும். குழந்தை இருந்தா தனி அட்டைக்கு முன்னுரிமை உண்டு. நானே சொல்லி வாங்கித் தர்றேன்."

படிச்ச புள்ள.

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. இயற்பியல். பிறந்தது இந்த ஊர். படித்தது இந்த ஊர். அகதி என்பதால் அரசு வேலைக்கு மட்டும் எழுத முடியாது. வாய் திறந்து கேட்க முடியும். அந்தப் படிப்பு வீண்போகவில்லை.

"குழந்தை பிறக்கத்தான் சார் வீடு கேக்குறேன்."

வரிசை சிரிப்பில் உடைந்தது.

"கேளடி பிள்ளை!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை நரைத்த பவளமக்கா கத்தினாள். "நல்லாக் கேள்! எனக்கும் ஒரு தனி வீடு சேர்த்துக் கேள்!"

"உனக்கு இனி என்னத்துக்கக்கா?" என்றது ஓர் ஆண்குரல்.

"ஏன்ரா, எனக்கென்ன குறை?"

சிரிப்பு அலுவலகத்துக்குள் ஏறி வந்தது. தலைவர் துண்டால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. ஆர்.ஐ.யின் காது சிவந்தது. கோப்பைத் திறந்தார். மூடினார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. சண்டை போடுவதற்கென்றே வந்தவள். உதட்டைக் கடித்துக்கொண்டு கோபத்தைக் காப்பாற்றினாள்.

"சரி" என்றார் ஆர்.ஐ., கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடைசி வரிசையில ஓரத்து வீடு காலியாத்தான இருக்கு?"

"ஓம் சார்" என்றார் தலைவர். "அந்தக் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போயிட்டுது."

"அதுக்கு நான் மேல எழுதுறேன். ஆனா உத்தரவு வராம ஒண்ணும் செய்ய முடியாது. சாவி யார்கிட்ட இருக்கு?"

"பெயிண்டரிட்ட சார். வேலை இன்னும் கொஞ்சம் கிடக்காம்."

வெளியே சிரிப்பு சட்டென்று நின்றது.

பெயிண்டர் அவளுடைய அண்ணன். வேலை முடிந்துவிட்டது.

முகாமில் எல்லாருக்கும் அது தெரியும். தலைவருக்கும் தெரியும். அவர் மும்முரமாகத் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"உத்தரவு எப்ப வரும், சார்?"

"ஒரு மாசம் ஆகலாம். ரெண்டு மாசமும் ஆகலாம்."

"உத்தரவு வர்றதுக்கு முன்னாடி யாராவது உள்ள போயிட்டா?"

"போனா நான் வந்து வெளிய அனுப்பணும்." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "தெரியாத மாதிரி இருக்க முடியாதும்மா. உங்க அட்டைக்கு வந்த வீட்டுக்கும் சிக்கல் வரும்."

அவள் தலையாட்டினாள். அதையும் வீட்டில் பேசிவிட்டார்கள். முதல் தடவையாக அம்மா தடுக்கவில்லை. அண்ணிதான் சொன்னாள்: வந்து அனுப்பட்டும், பார்ப்பம்.

"சரி, சார். நான் வர்றேன்."

"நில்லும்மா. மனு ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டுப் போ."

"நாளைக்கு எழுதித் தர்றேன், சார். பால் அடுப்பில இருக்கு. பொங்கும்போது நான் பக்கத்தில நிக்கணுமாம்."

"பாலா? எந்த வீட்டு அடுப்புல?"

வரிசை விலகி வழிவிட்டது.

கடைசி வரிசை ஓரத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. வாசலில் யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

அவள் செருப்பை மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.