வெள்ளிக்கு வெள்ளி ஒண்ணு

"அந்த டப்பாவ எடுத்தியா இஞ்ஞாசி?"

ஆட்டோவின் பின்சீட்டில் சுருண்டு கிடந்த மைதீன் கனி மூன்றாவது தடவையாகக் கேட்டார். இரண்டு நாளாக வாந்தி. ஒரு குடம் தண்ணீரைக் குடித்தும் தாகம் அடங்கவில்லை. இந்தக் கோலத்தில் மனுசனுக்கு வைட்டமின் டப்பா வேண்டுமாம்.

"எடுத்தாச்சு காக்கா. காலி டப்பாதான். பேசாம கெடங்க."

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருங்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான் இஞ்ஞாசி. பக்கத்து வீட்டுக்காரன். டப்பாவின் கதை அவனுக்குத் தெரியும். துபாயில் இருக்கிற மகன் ஃபாயிஸ், இரண்டு மாதத்துக்கு முன் லீவு முடிந்து போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போனது. வாப்பா உடம்பில் வெயில் சத்து குறைவாம்.

நாற்பது வருஷம் நடுக்கடலில் வெயில் தின்ற உடம்புக்கு வெயில் சத்து குறைவு! அதைச் சொல்லி இருவரும் அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தார்கள். மாத்திரை என்றாலே காறித் துப்புகிற ஆள் மைதீன் கனி. தினமும் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் டப்பா குலுங்கும். பூனையைக் கூப்பிடுகிறார் என்று இஞ்ஞாசி நினைத்துக்கொள்வான்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிவப்ரியா அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த வெயில் சத்து, வைட்டமின் டி, ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. கால்சியம் கூடி கிட்னியப் பிடிச்சிருக்கு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா ஆளு தப்பியிருக்க மாட்டாரு."

இஞ்ஞாசிக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்க வேற ஆளுக்க ரத்தத்தப் பாத்திருப்பிய டாக்டரம்மா. பொண்டாட்டி மரிச்சபெறகு அந்த வீட்டுல அடுப்பு பத்தினதில்ல. கட்டஞ்சாயாவும் ரஸ்க்கும் தின்னுதவருக்குச் சத்து எங்கேருந்து கூடும்?"

டாக்டர் டப்பாவோடு கட்டிலருகே போனார்.

"பாட்டா, இதுல அறுபது மாத்திரை இருந்திருக்கு. வாரத்துக்கு ஒண்ணுதான் போடணும். ஒரு வருஷத்துக்கு மேல வரும். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"சொன்னான். வெள்ளிக்கு வெள்ளி ஒண்ணு. நான் நித்தமும் ஒண்ணு போட்டேன்." கிழவரின் கண் வாசலுக்குப் போனது. "ஃபாயிஸ் வந்தாச்சா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கால்சியம் கூடினா புத்தியும் தடுமாறும். இப்படித்தான் சம்பந்தம் இல்லாமப் பேசுவாங்க. பாட்டா, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வா. எனக்கொண்ணும் கிறுக்கில்ல."

இஞ்ஞாசிக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "மாத்திரையக் கண்டா துப்புவியளே காக்கா! ரெண்டாங் கல்யாணத்துக்குப் பெலம் ஏத்தினியளாக்கும்?"

மைதீன் கனி சிரிக்கவில்லை. கையை நீட்டி டப்பாவை வாங்கினார். காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். ஒன்றும் விழவில்லை. இரண்டு நாளில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது.

"அவனுக்குப் போன் போடு இஞ்ஞாசி. தீந்து போச்சுன்னு சொல்லு."

"உசுரு போகப் பாத்துது, இன்னும் டப்பா கேக்கியளா?"

"மாத்திர ஆருக்குல வேணும்? இது தீரும்போ வாறேன்னு சொல்லிட்டுல்லா போனான்."