உதடு ஒட்டாத இடம்

ஹெட்போனை மாட்டிவிட்டு, கதாநாயகியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

கதாநாயகி நான்தான்.

திரையில் கழுத்து நிறைய நகையோடு நின்று கத்திக்கொண்டிருந்தேன். "உனக்கெல்லாம் பாவம் பாத்து வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" வாய் என்னுடையது. குரல் வேறு யாரோ ஒருத்தியுடையது. பங்களாவிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி ஒரு குரல்.

எதிரே தலையைக் குனிந்துகொண்டு வேலைக்காரி. அவளுக்குத்தான் நான் பேச வேண்டுமாம்.

போனில் இதைச் சொல்லவில்லை. "டப்பிங்குக்கு வந்துடும்மா" என்றார்கள், அவ்வளவுதான். என் பாத்திரத்துக்கு நானே பேசப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல் கூடவே கிளம்பி வந்துவிட்டாள். "இந்தத் தடவையாவது எம்பொண்ணு வாயில எம்பொண்ணே பேசட்டும்" என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் வேறு சொன்னாள். யார் எவர் என்று தெரியாமலே அந்தப் பெண்ணும் தலையாட்டினாள்.

இதற்கு முன் ஒரு சீரியலில் வீட்டைவிட்டு ஓடிப்போனேன். இன்னொன்றில் லாரி மோதிச் செத்தேன். சாகும்போது போட்ட அலறல்கூட என்னுடையது இல்லை.

என் குரலில் லோக்கல் அடிக்கிறதாம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிக் கொடுத்த குரல் இது. ஆடிஷனில் அதைச் சொன்னபோது, "பேசுறதெல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீ கொஞ்சம் சிரி" என்றார்கள்.

சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் படம் கிடைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கொட்டாவி விட்டார். நேற்று முழுக்க இந்த ஒரு வசனத்துக்கு ஆள் மாற்றி ஆள் பேச வைத்து ஓய்ந்துபோயிருந்தார்.

"எவ பேசினாலும் உதட்டுல உக்கார மாட்டேங்குது. அந்தக் கிழவி வசனத்தை விட்டுட்டு வேற என்னத்தையோ உளறி வச்சிருக்கு. எதிர்ல நின்னது நீதானே? என்ன சொல்லித் தொலைச்சுது?"

கிழவி என்று சொல்கிற வயதில்லை அவளுக்கு. முகம்தான் உழைத்து உழைத்து முந்திக்கொண்டுவிட்டது.

"ஞாபகமில்ல சார்" என்றேன்.

படப்பிடிப்பில் பதிவான ஒலியில் ஜெனரேட்டர் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. நடிக்க வேண்டிய துணை நடிகை அன்று வரவில்லை. ஓரமாக நின்றவர்களில் ஒருத்தியை, யாரோடு வந்தவள் என்றுகூடக் கேட்காமல், "மூஞ்சி பொருத்தமா இருக்கே" என்று பிடித்து, கையில் துடைப்பத்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். கோபம் போதவில்லை, போதவில்லை என்று என்னை டேக் மேல் டேக்காகக் கத்தவிட்டார்கள். கடைசி டேக்கில் என் குரல் பிசிறிவிட்டது. முகத்தில் கோபம் அள்ளுகிறது என்று அதையே ஓகே செய்தார்கள். குரல் எப்படிப் போனால் யாருக்கென்ன?

இப்போது நான் பேச வேண்டியது இதுதான்: "மன்னிச்சிடுங்க மேடம். தெரியாம நடந்துடுச்சு."

பேசினேன். 'ம'வுக்குத் திரையில் உதடு ஒட்டியது. அதோடு சரி. 'மேடம்' என்றால் இரண்டு தடவை ஒட்டியாக வேண்டும். அந்த உதடு ஒட்டவே இல்லை.

மறுபடி ஓட்டினார். மறுபடி பேசினேன். என் முகத்தைப் பார்த்து நானே மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போனது. திரையில் நிற்கிற அவளோ ஒரு தடவைகூட மன்னிக்கிற மாதிரி தெரியவில்லை.

"மன்னிப்புக் கேளுன்னா மல்லுக்கு நிக்கிறியேம்மா!"

அந்த அலுப்பில்தான் சொல்லிவிட்டேன். அன்று காதில் விழுந்ததை, விழுந்தபடியே, மைக்கில்.

"மெதுவாக் கத்துடி. தொண்ட கட்டிக்கிட்டா?"

அச்சாகப் பொருந்தியது. எழுத்துக்கு எழுத்து, மூச்சுக்கு மூச்சு.

இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பவும் ஓட்டிப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா, கச்சிதம்! ஆனா வேலைக்காரி மொதலாளியம்மாவ 'டி' போட்டு அதட்டுனா படம் வெளங்குமா?"

ஹெட்போனில் என் குரலை முதல் தடவையாக ஒரு படத்தோடு சேர்த்துக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. லோக்கலும் இல்லை, ஒன்றுமில்லை. ஒரு குரல், அவ்வளவுதான்.

அவர் அதை அழித்தார்.

"மொகமே வேணாம். முதுகுப் பக்கம் எடுத்த ஷாட்டைப் போட்டுட்டா எவ பேசினாலும் உக்காந்துடும். நீ கெளம்பும்மா."

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி நீட்டினாள். வாங்கி ஒரே மடக்கில் குடிக்கப் போனேன்.

"மெதுவாக் குடிடி. நாக்கு சுட்டுக்கிட்டா?"

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் எழுத்துக்கு ஒட்டியது. அப்புறம் ஒட்டவே இல்லை.