மன்னிப்புக் கேட்ட காவலாளி

“என்ன, இப்பல்லாம் பெரியவர் மன்னிப்பே கேக்கறதில்ல?” என்றார் கல்யாணசுந்தரம், கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு.

முதல் வெள்ளிக்கிழமை அந்த ஓமானிப் பெரியவர் வாசலிலேயே வழிமறித்து, கைகளை விரித்து, “மாஃபி, மாஃபி!” என்று கெஞ்சியது எல்லோருக்கும் நினைவிருந்தது. டெல்லியில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிய கல்யாணசுந்தரத்துக்கா இந்தி தெரியாது? “மாஃபின்னா மன்னிப்பு. காவலுக்கு இருந்தும் வீட்டைப் பாழாக விட்டுட்டோமேன்னு உறுத்தல். மன்னிப்புக் கேக்கறார்” என்று விளக்கி, பெரியவரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை கேட்டிருப்பீங்களா?” என்றாள் மனைவி பானுமதி.

பழைய வீடுகளைச் சம்பளமில்லாமல் புதுப்பிக்கும் சங்கத்துக்கு இதுதான் முதல் வீடு. உறுப்பினர்கள் எல்லோரும் ஓமானின் சோஹார் நகரத்துக்கு வந்து இரண்டு மாதமே ஆனவர்கள். இன்று, வீட்டை ஒதுக்கித் தந்த அரசாங்க அலுவலகத்துத் தமிழ் அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் அடுத்து ஒரு மாளிகையே கிடைக்கும். இல்லையென்றால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

கூரை ஒழுகல் நின்றதும் பெரியவரின் மன்னிப்பும் நின்றது. பாத்ரூமுக்குப் புதுக் குழாய் போட்டதும் தட்டு நிறையப் பேரீச்சம்பழம் வந்தது. இப்போது பெரியவர் மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். காவலாளிக்கும் டிஷ் கொடுக்கும் அரசாங்கத்தைக் கல்யாணசுந்தரம் மனதாரப் பாராட்டினார்.

செல்போன் அடித்தது. அதிகாரி.

“வாசல்லதான் நிக்கறேன். ஒருத்தரையும் காணோம். கூரை இன்னும் தரையிலயே கிடக்கு. என்னய்யா செஞ்சீங்க இவ்வளவு நாளா?”

கல்யாணசுந்தரம் வாசலைப் பார்த்தார். அங்கே தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார் நெய்னா முகம்மது. இருபது வருஷமாக இதே தெருவில் கடை வைத்திருப்பவர்.

“பாய், ஆபீசர் எங்க நிக்கறார்னு இந்த வாட்ச்மேன்கிட்ட கொஞ்சம் கேளுங்களேன்!”

நெய்னா மாடியைப் பார்த்து அரபியில் கேட்டார். பெரியவர் இறங்கி வந்து, தெருக்கோடியில் இடிந்து கிடந்த வீட்டைக் காட்டி நிதானமாகப் பேசினார். நெய்னா கேனைக் கீழே வைத்துவிட்டார்.

“வாட்ச்மேனா? இது அவரு சொந்த வீடு சார். இங்க மாஃபின்னா ‘இல்லை’ன்னு அர்த்தம். ‘நீங்க தேடுற வீடு இது இல்லை’ன்னு மொத நாளே சொன்னாராமே!”

பானுமதி பெயின்ட் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் கல்யாணசுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாக ஏதோ சொன்னார்.

“என்ன பாய் சொல்றார்? போலீசா?”

“இல்ல சார். தம்பி வீடும் ஒழுகுதாம்.”